மஞ்சள் விளக்கில் முடிந்த டேட்டோனா 500: வென்றவர் யார் என்பது எப்படி முடிவாகிறது?

2024 பிப்ரவரி 19, திங்கட்கிழமை. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன டேட்டோனா 500 கார் பந்தயம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் நடந்தது. மொத்தம் 200 சுற்றுகள். அதில் 4 சுற்றுகள் மட்டுமே முன்னிலையில் இருந்த வில்லியம் பைரன் வென்றதாக அறிவிப்பு வந்தது. கடைசிச் சுற்றில் எல்லைக் கோட்டை நோக்கிய துரத்தல் எதுவும் இல்லை. தடத்தில் ஆபத்து என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு எரிந்தது, கார்கள் வேகத்தைக் குறைத்தன, அதிகாரிகள் வீடியோவைப் பார்த்தார்கள், முடிவைச் சொன்னார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரே விபத்தில் 23 கார்கள் சிக்கியிருந்தன.

ஃபார்முலா 1 பார்த்துப் பழகியவர்களுக்கு இது விளங்காது. விளங்காதவர்கள் வழக்கமாகக் கேட்பவை மூன்று கேள்விகள்.

1. 196 சுற்றுகள் பின்னால் இருந்தவர் எப்படி ஜெயிக்க முடியும்?
2. ஒரு காரில் தொடங்கும் தவறு ஏன் இருபது கார்களை இழுத்துக்கொண்டு போகிறது?
3. ஓடி முடிக்காத சுற்றுக்கு எப்படி வெற்றியாளரை அறிவிக்கிறார்கள்?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் தொடங்குகிறது: அந்தத் தடத்தின் அமைப்பில்.

## ஸ்டாக் காரும் சூப்பர்ஸ்பீட்வேயும்

ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கும் காரின் உருவத்தை ஒட்டிச் செய்த பந்தயக் கார். சக்கரங்கள் உடலுக்குள் மறைந்திருக்கும். ஃபார்முலா 1 கார் போலத் திறந்த சக்கரங்கள் கிடையாது. அதனால் ஒன்றையொன்று உரசினாலும், இடித்தாலும்கூட ஓட்டத்தைத் தொடரலாம். பின்னால் வரப்போகும் கதைக்கு இது முக்கியம். பெயர்தான் பழையது, இன்றைய கார்கள் முழுக்க முழுக்கப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டவை. செவர்லே, ஃபோர்டு, டொயோட்டா ஆகிய மூன்று நிறுவனங்களின் கார்கள் ஓடுகின்றன. நடத்தும் அமைப்பு நாஸ்கார்.

(கோவையின் நரேன் கார்த்திகேயன் 2010-இல் இதே நாஸ்காரின் டிரக் பிரிவில் ஓட்டினார். முதல் பந்தயத்தில் 13-ஆவது இடம். ஆனால் அது நடந்தது மார்ட்டின்ஸ்வில்லில், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான சின்னத் தடம். நாம் பேசப்போவது அதற்கு நேர் எதிரான ஒன்று.)

சூப்பர்ஸ்பீட்வே என்று நாஸ்கார் ரசிகர்கள் சொல்லும்போது முதலில் நினைப்பது இரண்டு தடங்களை. ஒன்று 1959-இல் திறந்த டேட்டோனா, சுற்றளவு 2.5 மைல், அதாவது 4 கிலோமீட்டர். இன்னொன்று 1969-இல் அலபாமா மாநிலத்தில் திறந்த டல்லடேகா, 2.66 மைல். இரண்டிலும் வளைவுகள் சரிவாகக் கட்டப்பட்டிருக்கின்றன: டேட்டோனாவில் 31 டிகிரி, டல்லடேகாவில் 33 டிகிரி. நின்று பார்த்தால் தார் போட்ட சுவர் மாதிரி இருக்கும்.

இந்தச் சரிவினால் கார் வளைவில் வழுக்கி வெளியே போகாது. ஆகவே ஓட்டுநர் வளைவுக்காக வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. மற்ற தடங்களில் யார் தாமதமாக பிரேக் பிடிக்கிறார், யார் வளைவிலிருந்து சீக்கிரம் வேகமெடுக்கிறார் என்பதில்தான் திறமை வெளிப்படும். இங்கே அந்த வாய்ப்பு இல்லை. எல்லோரும் காலை அழுத்தி வைத்துக்கொண்டே முழுச் சுற்றையும் ஓட்டலாம்.

## ஏன் வேகத்தைக் கட்டிப்போட்டார்கள்

அப்படியென்றால் அதிக சக்தியுள்ள எஞ்சின்தானே ஜெயிக்க வேண்டும்? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1987-இல் டல்லடேகாவில் பில் எலியட் தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல் வேகம் காட்டினார். ஏறக்குறைய 342 கிலோமீட்டர். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை, முறியடிக்கவும் விடமாட்டார்கள். காரணம், அதே வார இறுதியில் நடந்த பந்தயத்தில் பாபி ஆலிசனின் கார் டயர் வெடித்து, மேலே எழும்பி, பார்வையாளர்களுக்கு முன்னால் இருந்த தடுப்பு வேலியைக் கிழித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் உயரமாகப் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்த நாஸ்கார், 1988 முதல் இந்த இரண்டு தடங்களிலும் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் துளைத் தகடு ஒன்றைக் கட்டாயமாக்கியது. காற்று குறைந்தால் எரிபொருள் எரிவது குறையும், சக்தியும் குறையும்.

2019-இல் அந்தத் தகடு போய் வேறொரு கருவி வந்தது, கொள்கை அதேதான். 2024-இல் மற்ற பெரும்பாலான தடங்களில் ஏறத்தாழ 670 குதிரைத்திறனோடு ஓடிய கார்கள், டேட்டோனாவிலும் டல்லடேகாவிலும் ஏறத்தாழ 510 குதிரைத்திறனோடு ஓடின.

பார்வையாளர்களைக் காப்பாற்றிய இந்த முடிவு பந்தயத்தின் குணத்தையே மாற்றிவிட்டது. எல்லாக் காருக்கும் ஒரே அளவு குறைந்த சக்தி, எல்லாரும் முழு வேகம், வளைவில் வேகம் குறைக்கும் தேவையும் இல்லை. அப்படியானால் ஒருவர் மற்றவரை விட்டு விலகிப் போக வழியே இல்லை. நாற்பது கார்களும் ஒரே கூட்டமாக, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், இரண்டு மூன்று வரிசைகளில் கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகின்றன.

## காற்று செய்யும் வேலை

எஞ்சின் எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டால் மிச்சமிருப்பது காற்று. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும்: முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொடுக்கிறார், பின்னால் வருபவருக்குச் சுமை குறைகிறது. ஸ்டாக் கார் ஓட்டுநர்கள் இதை டிராஃப்ட் என்கிறார்கள். அதில் நான்கு விஷயங்களைப் பிரித்துப் பார்த்தால் பந்தயம் புரிந்துவிடும்.

1. ஒட்டி ஓடுவது இருவருக்கும் லாபம். முன் காரின் பின்புறம் உருவாகும் குறைந்த காற்றழுத்தம் அதைப் பின்னோக்கி இழுக்கும். பின் கார் நெருங்கி வந்து அந்த இடத்தை நிரப்பினால் அந்த இழுப்பு குறைகிறது. அதனால் தனியாக ஓடும் காரைவிடச் சேர்ந்து ஓடும் இரண்டு கார்களுக்கும் வேகம் அதிகம்.

2. தள்ளுவது. பின் கார் தன் முன் பம்பரால் முன் காரின் பின் பம்பரை நேரடியாகத் தள்ளினால் வேகம் இன்னும் கூடும். ஆனால் நேர்கோட்டில் தள்ள வேண்டும். கொஞ்சம் ஓரமாகப் பட்டாலும் முன் கார் திரும்பிவிடும்.

3. பக்கவாட்டில் இழுப்பது. எதிராளியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால், நம் கார் தள்ளும் காற்று அவருடைய ஸ்பாய்லரில் மோதும். ஸ்பாய்லர் என்பது காரின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பலகை. அதில் காற்று மோதினால் அவர் வேகம் குறையும். தொடாமலே பிரேக் போட்டுவிடுகிற வேலை இது.

4. வரிசை. ஆகவே தனியாகப் போட்டி போட முடியாது. உள்வரிசை, வெளிவரிசை என இரண்டு ரயில்கள் ஓடுகின்றன. எந்த வரிசையில் தள்ளுபவர்கள் ஒழுங்காக அமைகிறார்களோ அந்த வரிசை முன்னேறும். ஒரு கார் எவ்வளவு நல்ல காராக இருந்தாலும், வரிசையை விட்டு வெளியே வந்து பின்னால் யாரும் தொடரவில்லையென்றால், அரைச் சுற்றுக்குள் பத்துப் பதினைந்து இடங்கள் பின்னால் போய்விடும்.

நான்காவது விஷயத்தில்தான் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது. முன்னணியில் இருப்பவரை அங்கே வைத்திருப்பது அவருக்குப் பின்னால் வருபவரின் தள்ளல். அந்தத் தள்ளல் வேறு வரிசைக்குப் போன கணமே முன்னணியும் போகும். 150 சுற்று முன்னிலையில் இருந்ததற்கு வட்டி எதுவும் கிடைக்காது. அன்றைக்கு அதிகச் சுற்றுகள், 45 சுற்றுகள், முன்னிலையில் இருந்தவர் ஜோயி லொகானோ. முதல் இடத்திலிருந்து தொடங்கியவரும் அவரே. பைரன் தொடங்கியது 18-ஆவது இடத்தில்.

இந்தக் கூட்டத்துக்குள் இருந்துகொண்டு ஓட்டுநரால் முழுவதையும் பார்க்க முடியாது. அதற்காக ஒவ்வொரு அணிக்கும் அரங்கத்தின் கூரையில் ஒருவர் நின்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருப்பார்: உள்ளே ஒருவர், வெளியே காலி, பின்னால் வேகமாக வருகிறார், என்று. ஸ்பாட்டர் என்பது அவர் பெயர். ஓட்டுநருக்கும் அவருக்கும் புரிதல் இல்லாவிட்டால் அணியே இல்லை என்று சொல்லலாம்.

## பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பந்தயம்

2024 டேட்டோனா 500-ஐ நேரலையில் பார்த்தவர்கள் இன்னொரு விநோதத்தையும் கவனித்திருப்பார்கள். பந்தயத்தின் பெரும்பகுதியில் யாருமே முழு வேகத்தில் ஓட்டவில்லை. மூன்று மூன்று கார்களாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டு, காலைப் பாதி அழுத்தி, பெட்ரோல் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு எளியது. 2022-இல் வந்த புதிய காரில் சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டுதான், முன்பெல்லாம் ஐந்து. டயர் மாற்றுவது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஆகவே டயர் மாற்றி பெட்ரோல் நிரப்பும் இடமான பிட்டில் கார் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது டேங்க் நிரம்பும் நேரம். குறைவாக எரித்தவருக்குக் குறைவாக ஊற்றினால் போதும். அவர் சீக்கிரம் வெளியே வந்து முன் வரிசையில் இடம் பிடிப்பார். தடத்தில் பத்துக் கார்களைத் தாண்டுவதைவிட பிட்டில் இரண்டு விநாடி மிச்சம் பிடிப்பது சுலபம்.

ரசிகர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும் இது பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அணிகளைக் குறை சொல்லி என்ன பயன்? விதிகள் எதற்குப் பரிசு கொடுக்கின்றனவோ அதைத்தான் அவர்கள் செய்வார்கள்.

இப்படி அடக்கி வைத்த வேகம் முழுவதும் கடைசி இருபது முப்பது சுற்றுகளில் வெளியே வருகிறது. எல்லோருக்கும் கார் முழுசாக இருக்கிறது, எல்லோருக்கும் இடம் வேண்டும், நேரம் மட்டும் இல்லை.

## 192-ஆவது சுற்று

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 192-ஆவது சுற்றில், முன்னணிக் கூட்டத்தில், பைரனுக்குப் பின்னால் அவருடைய அணித் தோழர் அலெக்ஸ் போமன் இருந்தார். இருவரும் ஹெண்ட்ரிக் மோட்டார்ஸ்போர்ட்ஸ் அணியின் செவர்லே கார்கள். போமன் தள்ளினார். தள்ளப்பட்ட பைரனின் கார் முன்னால் இருந்த பிராட் கெசலௌஸ்கியின் காரில் பட்டது. கெசலௌஸ்கியின் கார் திரும்பி, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த லொகானோவை இழுத்துக்கொண்டது. பின்னால் வந்தவர்களுக்கு விலக இடமும் இல்லை, நேரமும் இல்லை. கணக்கில் வந்தவை 23 கார்கள்.

மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 83 மீட்டர். முன்னால் புகை தெரிந்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் கார் ஒரு கால்பந்து மைதானத்தின் நீளத்தை ஏறக்குறையக் கடந்துவிடும். அதுவரை அடுத்த காருக்கும் தனக்கும் இருந்த இடைவெளி ஓரிரு மீட்டர். இவ்வளவு நெருக்கமாக ஓடினால் ஒரு தவறு எப்படி ஒருவரோடு நிற்கும்? அமெரிக்காவில் இதற்கு ‘பெரிய விபத்து’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டேட்டோனாவிலும் டல்லடேகாவிலும் அது நடக்குமா என்று யாரும் கேட்பதில்லை. எந்தச் சுற்றில் என்றுதான் கேட்பார்கள்.

கவனிக்க வேண்டிய இடம்: அந்தத் தொடர் மோதலில் முதல் கண்ணிகளாக இருந்த பைரனும் போமனும் தப்பித்துவிட்டார்கள். விபத்தைத் தொடங்கியவர்கள் முன்னால் இருக்கிறார்கள். சிதறுவது பக்கத்திலும் பின்னாலும் இருப்பவர்கள். நியாயமா என்றால் இல்லை. ஆனால் வேண்டுமென்றே செய்தது என்றும் சொல்ல முடியாது. தள்ளாமல் இருந்திருந்தால் வரிசையே நகராது, தள்ளினால் இப்படி ஆகும் அபாயம் எப்போதும் உண்டு.

பந்தயத்தைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தி, தடத்தைச் சுத்தம் செய்தார்கள். மீண்டும் தொடங்கியபோது மிச்சம் நான்கு சுற்றுகள். முன் வரிசையில் ராஸ் சாஸ்டெய்னும் பைரனும்.

## வெள்ளைக் கொடிக்கும் மஞ்சள் விளக்குக்கும் நடுவில்

கடைசிச் சுற்று தொடங்குவதை அறிவிப்பது வெள்ளைக் கொடி. பைரன் முன்னால், அந்தக் கோட்டை நெருங்குகிறார்கள். பின்னால் இடைவெளியில் நுழைய முயன்ற சாஸ்டெய்னின் காரும் ஆஸ்டின் சின்ட்ரிக்கின் காரும் மோதிச் சுழன்றன. பைரன் கோட்டைக் கடந்துவிட்டார். அதற்குப் பிறகு மஞ்சள் விளக்கு எரிந்தது. பைரனும் போமனும் அருகருகே இருந்தார்கள். விளக்கு எரிந்த கணத்தில் பைரன் கொஞ்சம் முன்னால் இருந்தார். பந்தயம் முடிந்தது. போமன் இரண்டாவது, கிறிஸ்டோஃபர் பெல் மூன்றாவது.

இங்கேதான் விதிகள் தெரிய வேண்டும்.

1. மஞ்சள் விளக்கு எரிந்தால் வரிசை உறைந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் யாரையும் தாண்ட முடியாது. தடத்துக்கு அடியில் பதித்த உணர்கம்பிகளும் வீடியோவும் அந்தக் கணத்தில் யார் எங்கே என்பதைச் சொல்லும். 2003 வரை இப்படி இல்லை. மஞ்சள் வந்தாலும் கோடுவரை போட்டி போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரில் டேல் ஜாரட்டின் கார் நேர்பாதையில் அசையாமல் நிற்க, அவரை நோக்கிக் கூட்டம் முழு வேகத்தில் வந்தது. அடுத்த பந்தயத்திலேயே விதியை மாற்றினார்கள்.

2. வெள்ளைக் கொடிக்கு முன்னால் மஞ்சள் வந்தால் கூடுதல் சுற்றுகள். பந்தயம் மஞ்சளில் முடிந்துவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு சுற்றுகளுக்கு மறுபடி பச்சை காட்டுவார்கள். இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2004 ஏப்ரலில் டல்லடேகாவில் கடைசி ஐந்து சுற்று இருக்கும்போது மஞ்சள் வந்து, ஜெஃப் கோர்டன் வென்றதாக அறிவித்தார்கள். ரசிகர்களின் செல்லப்பிள்ளை டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் இரண்டாவது. அரங்கத்திலிருந்து பியர் டப்பாக்கள் பறந்தன. அதே ஆண்டு ஜூலைக்குள் கூடுதல் சுற்று விதி வந்துவிட்டது. இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் கூடுதல் சுற்று முயற்சி நடக்கலாம். 2023 டேட்டோனா 500 அப்படித்தான் 212 சுற்றுகள் ஓடியது.

3. வெள்ளைக் கொடிக்குப் பின்னால் மஞ்சள் வந்தால் பந்தயம் அதோடு சரி. முன்னணியில் இருப்பவர் வெள்ளைக் கொடியைக் கடந்துவிட்டால் அடுத்து வரும் எந்தக் கொடியும் முடிவுக் கொடி.

பைரனின் வெற்றி இரண்டாவது விதிக்கும் மூன்றாவது விதிக்கும் நடுவில் இருந்த ஓரிரு விநாடியில் இருக்கிறது. அவர் கோட்டைக் கடக்கும் முன் விளக்கு எரிந்திருந்தால் கூடுதல் சுற்று. சாஸ்டெய்னும் சின்ட்ரிக்கும் போக மிச்சமிருப்பவர்கள் எல்லோருக்கும் இன்னொரு வாய்ப்பு. அதே போல விளக்கு அரை நிமிடம் தாமதித்திருந்தால் போமன் முன்னேறியிருக்கலாம், முன்னேறாமலும் போயிருக்கலாம்.

இது அபூர்வமான முடிவா என்றால் அதுவும் இல்லை. 2021-இல் மைக்கேல் மெக்டௌவல், 2023-இல் ரிக்கி ஸ்டென்ஹவுஸ் ஜூனியர், 2024-இல் பைரன் ஆகிய மூவரும் டேட்டோனா 500-ஐ வென்றது கடைசிச் சுற்று மஞ்சளில்தான்.

## பொத்தானை யார் அழுத்துகிறார்

மஞ்சள் விளக்கை எரிய வைப்பது கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பந்தய இயக்குநர். சிதறிய பாகங்கள் தடத்தில் கிடக்கின்றனவா, சுழன்ற கார் தானே கிளம்பிவிடுமா, மோதல் பலமானதா, கூட்டம் திரும்ப அந்த இடத்துக்கு வர எவ்வளவு நேரம் என்று பார்த்து அவர் முடிவெடுக்க வேண்டும். மற்ற சுற்றுகளில் இது பாதுகாப்பு விஷயம் மட்டும். கடைசிச் சுற்றில் அதே பொத்தான் வெற்றியாளரையும் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

2025 பிப்ரவரியில் அடுத்தடுத்த இரண்டு வாரங்கள் இதை நன்றாகக் காட்டின. பிப்ரவரி 16-ஆம் தேதி டேட்டோனா 500-இன் கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்தவர்கள் பின்பக்க நேர்பாதையில் மோதிக்கொண்டார்கள். விளக்கு எரியவில்லை, கோடுவரை ஓடவிட்டார்கள். அடுத்த வாரம் அட்லான்டாவில், இதே போலக் கூட்டமாக ஓடும் தடத்தில், கூடுதல் சுற்றுகளில் கடைசிச் சுற்றில் பின்னால் ஒரு மோதல். விளக்கு எரிந்தது, அந்தக் கணத்தில் முன்னால் இருந்த கிறிஸ்டோஃபர் பெல் வென்றார். ரசிகர்கள் எரிச்சலானதில் ஆச்சரியமில்லை. இரண்டு முடிவுகளுக்கும் தனித்தனியே காரணம் சொல்லலாம். ஆனால் கடைசிச் சுற்றில் எப்போது விளக்கு எரியும் என்று ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே தெரியாது என்பது குறைதான். பாதுகாப்பு முக்கியம் என்றால் அதற்கேற்ற அளவுகோலைத் தெளிவாக எழுதி வைக்கலாமே.

இந்தத் தடத்தில் முடிவு அதிகாரிகள் கையில் இருப்பது புதிதல்ல. 1959-இல் நடந்த முதல் டேட்டோனா 500-இல் லீ பெட்டியும் ஜானி போஷாம்ப்பும் சேர்ந்தாற்போலக் கோட்டைக் கடந்தார்கள். முதலில் போஷாம்ப் என்றார்கள். மூன்று நாள் கழித்து, புகைப்படங்களையும் செய்திப்படச் சுருளையும் பார்த்துவிட்டு, பெட்டி என்று மாற்றினார்கள்.

## மஞ்சள் கோடு: இன்னொரு பொறி

விளக்கு வேறு, கோடு வேறு. இந்த இரண்டு தடங்களிலும் உள்ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது. அதற்குக் கீழே இறங்கி யாரையும் தாண்டக் கூடாது. மற்றவர் உங்களைக் கீழே தள்ளினார் என்றால் தள்ளியவருக்குத் தண்டனை. கேட்க எளிது. ஆனால் 300 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளினாரா, நீங்களே இறங்கினீர்களா என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது.

2008 அக்டோபர், டல்லடேகா. புதுமுகம் ரீகன் ஸ்மித் கடைசிச் சுற்றில் டோனி ஸ்டுவர்ட்டைத் தாண்ட உள்பக்கம் போனார். ஸ்டுவர்ட் மறித்தார். ஸ்மித் கோட்டுக்குக் கீழே இறங்கி, தாண்டி, முதலில் முடித்தார். நாஸ்கார் அவரை 18-ஆவது இடத்துக்கு இறக்கி, ஸ்டுவர்ட்டை வெற்றியாளராக்கியது. ஸ்மித்தின் தரப்பு தான் கீழே தள்ளப்பட்டதாகச் சொன்னது, எடுபடவில்லை. அவருக்கு முதல் வெற்றி கிடைக்க 2011 வரை ஆனது.

அந்தத் தீர்ப்பின் விளைவு ஆறு மாதம் கழித்து அதே தடத்தில் தெரிந்தது. 2009 ஏப்ரலில் கடைசிச் சுற்றில் கார்ல் எட்வர்ட்ஸ் முன்னால், கெசலௌஸ்கி உள்பக்கம். எட்வர்ட்ஸ் மறிக்கக் கீழே வந்தார். ஸ்மித்துக்கு என்ன நடந்தது என்று தெரிந்த கெசலௌஸ்கி கோட்டுக்குக் கீழே இறங்காமல் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டும் மோத, எட்வர்ட்ஸின் கார் திரும்பி, காற்றில் எழும்பி, பார்வையாளர் வேலியில் அறைந்தது. பார்வையாளர்கள் சிலருக்குக் காயம். கெசலௌஸ்கிக்கு முதல் வெற்றி. நொறுங்கிய காரிலிருந்து இறங்கிய எட்வர்ட்ஸ் மிச்ச தூரத்தை ஓடியே போய் எல்லைக் கோட்டைத் தாண்டினார். 1987-இல் வேலி கிழிந்ததற்காகச் சக்தியைக் குறைத்தார்கள். குறைந்த சக்தி கார்களைக் கூட்டமாக்கியது. கூட்டத்தில் மறிப்பது பழக்கமானது. மறிப்பு மறுபடி ஒரு காரை வேலிக்குக் கொண்டுபோனது.

## கொடி விழுந்த பின்னும் முடியாத பந்தயம்

முடிவு அறிவித்த பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது: பரிசோதனை. முன்னால் முடித்த கார்களை அளந்து, கழற்றிப் பார்ப்பார்கள். 2019 முதல் விதிமீறல் பெரியது என்றால் அந்த இடமே பறிபோகும். முன்பு அபராதமும் புள்ளிக் குறைப்பும்தான், வெற்றி அவரிடமே இருக்கும்.

2023 அக்டோபரில் டல்லடேகாவில் கெவின் ஹார்விக் 0.012 விநாடி வித்தியாசத்தில் ரயன் பிளேனியிடம் தோற்று இரண்டாவது வந்தார். முன்கண்ணாடியின் திருகுகள் சரியாகப் பிடித்திருக்கவில்லை என்று பரிசோதனையில் தெரிய, தகுதி நீக்கம். 2025 ஏப்ரலில் அதே தடத்தில் இரண்டாவதாக முடித்த ரயன் பிரீஸும், ஐந்தாவதாக முடித்த லொகானோவும் நீக்கப்பட்டார்கள். இருவர் விஷயத்திலும் சிக்கல் ஸ்பாய்லரில்: ஒருவர் காரில் அனுமதித்ததைவிட ஒரு தகடு கூடுதல், இன்னொருவர் காரில் ஒரு நட்டு இல்லை. மூன்றாவதாக முடித்த கைல் லார்சன் வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டாவதாகிவிட்டார்.

ஒரு நட்டுக்காக இவ்வளவா என்று தோன்றும். காற்றுதான் எல்லாம் என்ற இடத்தில் ஸ்பாய்லர் அரை டிகிரி சாய்ந்தாலும் அது வேகம்.

## அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு

இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பலர் சொல்வது: இது வெறும் குலுக்கல். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட பந்தயத்தில் யார் வெல்வார் என்பதில் அதிர்ஷ்டம் நிறைய. ஆனால் கடைசி ஐந்து சுற்றில் முன்வரிசையில் இருப்பவர்கள் யார் என்று பல ஆண்டுகளுக்குப் பார்த்தால் அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. டென்னி ஹாம்லின் 2016, 2019, 2020 என மூன்று முறை டேட்டோனா 500-ஐ வென்றார்.

பைரனும் அப்படித்தான். 2025-இல் அதே பந்தயத்தை மறுபடி வென்றார். கடைசிச் சுற்றில் ஒன்பதாவது இடத்தில் இருந்தவர், முன்னணியில் ஹாம்லின் உள்ளிட்டவர்கள் மோதிக்கொண்டபோது வெளிவரிசையில் இருந்தார். அந்த வரிசை காலியாக இருந்தது. மோதல் அவர் செய்ததல்ல. ஆனால் உள்ளே அடிபிடி நடக்கும் என்று எதிர்பார்த்து வெளியே போய் நிற்பது தேர்வு. அடுத்தடுத்து இரண்டு முறை இந்தப் பந்தயத்தை வென்ற ஐந்தாவது ஓட்டுநர் அவர். அவருடைய ஹெண்ட்ரிக் அணிக்கு 2024 வெற்றி ஒன்பதாவது டேட்டோனா 500, 2025 வெற்றி பத்தாவது; வேறு எந்த அணிக்கும் அத்தனை இல்லை. 2024 பந்தயம் நடந்த தேதி அந்த அணி 1984-இல் டேட்டோனா 500-இல் முதன்முதலாக இறங்கிய அதே தேதி. மழை ஒரு நாள் தள்ளிவைத்திருக்காவிட்டால் அந்தப் பொருத்தமும் இருந்திருக்காது.

## ஒரு முடிவு யார் யாரைத் தொடுகிறது

கோப்பையும் பணமும் போக, வெற்றிக்கு இன்னொரு மதிப்பு இருந்தது. 2024-இல் நடப்பில் இருந்த முறைப்படி, வழக்கமான பருவத்தில் ஒரே ஒரு பந்தயத்தை வென்றாலும் பட்டத்துக்கான கடைசிக் கட்டத்தில் இடம் கிடைக்கும். மொத்தம் 16 இடங்கள். வெற்றியாளர்கள் போக மிச்ச இடங்கள் மட்டுமே புள்ளிகளின்படி.

பிப்ரவரியிலேயே வென்ற பைரனுக்கு ஆண்டு முழுக்கக் கவலையில்லை. இதன் மறுபக்கம் ஆகஸ்டில் தெரிந்தது. டேட்டோனாவில் ஆண்டின் இரண்டாவது பந்தயம். புள்ளிப் பட்டியலில் 34-ஆவது இடத்தில் இருந்த ஹாரிசன் பர்ட்டன், ஆண்டு முடிவோடு வேலை போகப்போகிறது என்று அறிவிக்கப்பட்டிருந்தவர், கூடுதல் சுற்றில் கைல் புஷ்ஷை முந்தி வென்றுவிட்டார். அவருக்கு முதல் வெற்றி. பழம்பெரும் வுட் பிரதர்ஸ் அணிக்கு நூறாவது. ஒரே இரவில் 34-ஆவது ஆள் பட்டத்துக்குப் போட்டியிடும் 16 பேரில் ஒருவர். அடுத்த வாரம் டார்லிங்டனில் சேஸ் பிரிஸ்கோ வென்று இன்னொரு இடத்தை எடுத்துக்கொண்டார். ஆண்டு முழுக்கப் புள்ளி சேர்த்துக்கொண்டே வந்த கிறிஸ் புஷரும் பப்பா வாலஸும் வெளியே நின்றார்கள்.